எண்பது டச் ஷஃபியுல்லா

"இந்த பக்ரீத்துக்குள்ள நான் எண்பது டச் ஆகிக் காட்டலைன்னா என் பேரு ஷஃபியுல்லா இல்ல."

சேலம் கோட்டையில் உள்ள தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு இந்தச் சபதத்தைச் செய்தார் ஷஃபியுல்லா. தட்டிய தட்டில் மேசை ஆடவில்லை, அவர் வயிறுதான் ஆடியது. அது அடங்கும் வரை மனைவி தஸ்னீம் மரியாதையாகக் காத்திருந்தாள்.

"பேரை மாத்தறதுன்னா ஆதாரு, ரேஷன் கார்டு, கடை லைசன்ஸுன்னு எல்லாத்துலயும் மாத்தணுங்க. யோசிச்சு சபதம் போடுங்க" என்றாள்.

வெள்ளி வியாபாரம் தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கொலுசில் நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதைத்தான் சேலத்தில் டச் என்பார்கள். எண்பது டச் என்றால் எண்பது பங்கு வெள்ளி, மீதி இருபது பங்கு செம்பு வகையறா. செவ்வாய்ப்பேட்டையில் ஷஃபியுல்லாவின் கொலுசுக் கடை முப்பது வருஷமாக நடக்கிறது. எழுபதுக்குக் கீழே உள்ள சரக்கை அவர் கடைக்குள் விடமாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு அந்த வெள்ளிக்கிழமை ஒரு சோதனை வந்தது. ஜும்மா தொழுகை முடிந்து வெளியே வந்தால், பள்ளிவாசல் எதிரில் பந்தல் போட்டு இலவச மருத்துவ முகாம். நோன்பு மாதம் முழுக்கப் பகலில் பட்டினி கிடந்து, மாலையில் சமோசாவோடு சமாதானம் ஆகி, கணக்குப் பார்த்தால் எடை கூடியிருந்த காலம் அது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி அவரை ஒரு மெஷின் மேல் ஏற்றி நிறுத்தினாள்.

"அங்கிள், உங்க உடம்புல கொழுப்பு முப்பத்திநாலு சதவீதம் இருக்கு."

வேறு யாராவதாக இருந்தால் சரிம்மா என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். ஷஃபியுல்லாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. முப்பத்திநாலு கலப்படம். அப்படியானால் தான் அறுபத்தாறு டச். நேராகக் கடைக்குப் போனார். மெருகு போடும் சென்றாயன் சலங்கைகளைக் கோத்துக்கொண்டிருந்தான்.

"சென்றாயா, அறுபத்தாறு டச் சரக்கு எதுக்கு ஆகும்?"

"அதை நம்ம படியேத்தவே மாட்டீங்களேண்ணா. போன வாரங்கூட ஆத்தூர்க்காரர் கொண்டாந்தாருன்னு வாசல்லயே திருப்பி உட்டீங்க. ஏனுங்கண்ணா, மறுக்காவும் வந்துட்டாரா?"

"வந்துட்டான். உள்ளயே உக்காந்திருக்கறான்" என்றார் ஷஃபியுல்லா, கல்லாவில் உட்கார்ந்தபடி.

அன்றைக்கென்று பார்த்து மோகனூரிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் கொலுசின் டச்சைப் பற்றித் தகராறு செய்தார். இந்த மாதிரி நேரத்தில் ஷஃபியுல்லா குரலை உயர்த்த மாட்டார். அப்பா காலத்துச் சொல் ஒன்று வைத்திருக்கிறார், அதை எடுத்து விடுவார். "அய்யா, வித்தவன் மெஷினும் செல்லாது, வாங்குனவன் கண்ணும் செல்லாது. டச் பாக்கறதுக்குன்னே பொது டச் கடை இருக்குது. ரெண்டு பேரும் போவோம், அங்க என்ன வருதோ அதான் கணக்கு." இந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் சரக்கு வாங்குபவர்கள் உண்டு. தஸ்னீமின் நிக்காஹ் முடிந்த வாரத்தில் இதை அவளுக்கும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பிறகும் சொல்லியிருக்கிறார். பிள்ளை தவ்ஹீத் பிறந்து, படித்து, சென்னைக்கு வேலைக்குப் போன பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு வந்த இடத்தில்தான் அந்தச் சபதம்.

தஸ்னீம் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு, வழக்கமாகச் சொல்வதை வழக்கமான குரலில் சொன்னாள். "டச்செல்லாம் இருக்கட்டுங்க. ஒருக்கா அந்த நெஞ்சு டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்துரலாம்."

"எதுக்கு?"

"மாடிப்படி ஏறையில பாதியில நின்னு நெஞ்சப் புடிக்கிறீங்க."

"அது கேஸு."

"நேத்தும் கேஸு. முந்தாநேத்தும் கேஸு. உங்களுக்குள்ள இருக்கற கேஸுக்கு நம்ம ஊட்டுல சிலிண்டரே வாங்க வேண்டியதில்லைங்க."

ஷஃபியுல்லா சிரிக்கவில்லை. இந்தப் பேச்சு வந்தால் அவருக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிடும். அண்ணன் ஆள் வாட்டசாட்டமானவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லேசாக நெஞ்சு கரிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போனார். வேனில்தான் திரும்பி வந்தார். போகாமல் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்று ஷஃபியுல்லாவின் மனசு எப்படியோ ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டது. அந்தக் கணக்குத் தப்பு என்று அவருக்கே தெரியும். பயத்துக்கு அது தெரியாது.

தஸ்னீமின் பயம் வேறு. ஷஃபியுல்லாவின் குறட்டையைப் பற்றி மாமியார் வீட்டில் பாதிப்பேர் புகார் சொல்வார்கள். தஸ்னீம் மட்டும் சொன்னதில்லை. அந்தச் சத்தம் நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் கலையும். எழுந்து உட்கார்ந்து, மறுபடி கேட்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சரி, இந்தப் பேச்சுக்கு இன்னிக்கு முடிவு கட்டுவோம்" என்றார் ஷஃபியுல்லா. "பக்ரீத்துக்குள்ள நான் எண்பது டச். அதாவது கொழுப்பு இருபதுக்கு மேல இருக்காது. பக்ரீத்துக்கு முந்தின வாரம், புதன்கெழமை காலையில அளந்துருவோம். வந்துட்டா ஆயுசுக்கும் ஆஸ்பத்திரிங்கற பேச்சை நீ எடுக்கக் கூடாது."

"வரலைன்னா?"

"நீ சொல்ற டாக்டரு, நீ சொல்ற நாளு. வாயத் தொறக்காம வாரேன்."

"அளக்கறது?"

"தவ்ஹீத்துகிட்ட சொல்லி மெஷின் வாங்கியனுப்பச் சொல்றேன்."

"நாளைக்கு அதுல ஒரு வழக்கு வந்துச்சுன்னா?"

"என்ன வழக்கு வரும்? கடையில என்ன நியாயமோ அதான் ஊட்டுலயும். நான் என்ன ஊருக்கு ஒண்ணு, ஊட்டுக்கு ஒண்ணா?"

"கடை நியாயந்தானுங்களே?"

"கடை நியாயமேதான்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு தஸ்னீம் எழுந்து போய்விட்டாள். பேரம் பேசாமல் ஒருவன் ஒத்துக்கொண்டால், சரக்கை இன்னொரு முறை எடை போட்டுப் பார்ப்பவர் ஷஃபியுல்லா. அன்றைக்கு அதை மறந்துபோனார்.

மெஷின் வந்தது. கண்ணாடிப் பலகை மாதிரி இருந்தது. வயதையும் உயரத்தையும் செல்போனில் போட்டுவிட்டு வெறும் காலோடு ஏறி நின்றால், போனிலேயே கொழுப்புக் கணக்குச் சொல்லும். கூடத்தின் மூலையில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி, தினமும் காலையில் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்ததும் அதில் ஏறுவது என்று ஏற்பாடு.

சபதத்தைக் காப்பாற்றும் வேலையை ஷஃபியுல்லா முழுமூச்சாகத் தொடங்கினார். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும்தான் சாப்பிட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். தஸ்னீம் நாமக்கல் முட்டையாகப் பார்த்து அவித்து வைத்தாள். வெள்ளைக்கருவைச் சாப்பிட்டு முடித்த ஷஃபியுல்லா, தட்டில் வரிசையாகக் கிடந்த மஞ்சள் கருக்களை வெகுநேரம் பார்த்தார்.

"உணவை வீணாக்குறது பாவம் தஸ்னீம்."

"வீணாக்கலைங்க. நான் சாப்புடுறேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்" என்று அந்தப் பாவத்தையும் தன் வாயாலேயே தீர்த்துவிட்டார்.

நடைப்பயிற்சிக்கு வெள்ளை ஷூ வாங்கினார். கோட்டைத் தெருக்களில் வண்டிப் புகை என்று சொல்லிவிட்டு, நல்ல காற்றுக்காக அயோத்தியாப்பட்டணம் வரை போய் நடந்தார். அயோத்தியாப்பட்டணம் வரை நடந்து போக முடியாது என்பதால் ஸ்கூட்டரில் போனார். ஸ்கூட்டர் ஓட்டியதில் களைத்துப் போனதால் அங்கே ஒரு தள்ளுவண்டிக் கடையில் நின்றார். அது தட்டுவடை செட் கடை. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட் துருவல், கேரட் துருவல், வெங்காயம், மேலே பச்சை, சிவப்புச் சட்னி. எல்லாம் காய்கறிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு முதல் செட்டைச் சாப்பிட்டார். காய்கறியை அளவு பார்த்துச் சாப்பிடச் சொல்லி எந்த டாக்டரும் சொன்னதில்லை என்பதால் அதோடு நிறுத்தவில்லை.

மெஷின் முப்பத்தைந்து காட்டியது.

"ஏங்க, ஏறிட்டு வருதே" என்றாள் தஸ்னீம்.

"ஆரம்பத்துல அப்படித்தான். வெள்ளியை உருக்குறப்ப முதல்ல அழுக்குத்தான் மேல வரும்."

"சட்டையில பீட்ரூட் சாயம் இருக்குதுங்க. அதுவும் மேல வந்த அழுக்குங்களா?"

ஷஃபியுல்லா சட்டை மாற்றப் போய்விட்டார்.

பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் மெஷினில் ஏறி இறங்கும்போது அவருக்கு உள்ளுக்குள் திக்கென்றது. தோற்றுப்போவதில்கூட அவருக்கு வருத்தமில்லை. தோற்றால் அந்தக் கதவுக்குள் போக வேண்டும். அண்ணன் போன கதவு. இரவில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, இது கேஸ்தான், இது கேஸ்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அந்த நிலையில்தான் ஒரு காலை, வழி பிறந்தது. அன்று எழுந்திருக்க நேரமாகிவிட்டது. பள்ளிவாசலுக்குப் போக முடியவில்லை, வீட்டிலேயே தொழுதுவிடலாம் என்று குளியலறையில் ஒளு செய்தார். முகம் கழுவி, கை கழுவி, கடைசியாகக் காலையும் கழுவிக்கொண்டு, ஈரக்காலோடு வந்தவர் வழியில் இருந்த மெஷினில் ஏறிவிட்டார். முப்பது காட்டியது.

ஷஃபியுல்லா போனைத் தட்டிப் பார்த்தார். முப்பதேதான். சுபஹானல்லாஹ், ஒளுவின் பரக்கத், எல்லாம் அல்லாஹ்வின் அருள் என்று உருகிப்போய்த் தொழுதார். தொழுது முடித்து, கால் காய்ந்த பிறகு நன்றியோடு மறுபடியும் ஏறினார். முப்பத்தைந்து.

முப்பது வருஷ வியாபாரியின் மூளை அங்கேதான் விழித்துக்கொண்டது. இது பரக்கத் இல்லை, வெறும் தண்ணீர். ஈரக்காலைக் கண்டால் மெஷின் ஏமாந்துபோகிறது.

இதில் மார்க்கத்தை இழுக்கக் கூடாது என்பதில் ஷஃபியுல்லா கண்டிப்பாக இருந்தார். அதனால் மறுநாளிலிருந்து தொழுகையை முடித்துக்கொண்டு வந்து, அதற்கென்று தனியாகக் குளியலறைக்குப் போய், காலை மட்டும் தனியாக நனைத்துக்கொண்டு, வாசல் மிதியடியில் கால் படாமல் வந்தார். தஸ்னீம் அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பாள். முதுகைத்தான் காட்டிக்கொண்டிருப்பாள்.

ஆனால் முப்பதோடு அது நின்றுவிட்டது. அடுத்த வழி செல்போனில் கிடைத்தது. தன் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம் என்று முதல் நாள் அவர்தான் போட்டிருந்தார். அதை ஐந்தடி ஆறு என்று மாற்றிப் பார்த்தார். கொழுப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியது. உயரமான ஆளுக்குச் சதை அதிகம், கொழுப்புக் குறைவு என்று அந்த மெஷினுக்கு யாரோ பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் ஷஃபியுல்லா வளர ஆரம்பித்தார். திடீரென்று வளர்ந்தால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தார். பேரன் எடுக்கும் வயதில் ஒரு மனிதன் இப்படி வளர்வதை அந்த மெஷின் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

மனசாட்சி உறுத்தாமல் இல்லை. தராசில் விரல் வைக்கிறவனை அவர் தெருவில் பார்த்தால்கூடச் சலாம் சொல்ல மாட்டார். ஆனால் மனசாட்சிக்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார். எடையில் கள்ளம் செய்வதுதான் பாவம், இது எடை இல்லை, சதவீதம்.

"இருபத்தேழுங்களா? மாஷா அல்லாஹ்" என்றாள் தஸ்னீம் ஒருநாள். "பேண்டு மட்டும் பழைய பேண்டாட்டமே இறுக்கமா இருக்குது."

"பேண்டு துவைச்சுத் துவைச்சு சுருங்கியிருக்கும்."

"இருக்குமுங்க. ஆனா ஒண்ணு, பாத்ரூம் வாசல்ல போட்டிருக்கற மிதியடி இப்பல்லாம் காஞ்சே கெடக்குது. முன்ன மாதிரி தெனம் வெயில்ல போட வேண்டியதில்ல. அது ஒரு சௌகரியம்."

ஷஃபியுல்லா போனில் இருபத்தேழைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். மிதியடியைப் பற்றி யாருக்கு வேண்டும்.

பக்ரீத்துக்கு முந்தின வாரம், குறித்த நாள் வந்தது. ஷஃபியுல்லா குளியலறையில் காலைத் தாராளமாக நனைத்தார். அதற்கு முன்பே போனில் ஆறடியைத் தொட்டிருந்தார். பூனை நடையாக வந்து மெஷினில் ஏறினார். எண் சுற்றியது. நின்றது. இருபதுக்கு ஒரு முடி கீழே.

"தஸ்னீம், இங்க வா. வந்து பாரு."

தஸ்னீம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் வயிற்றைப் பார்த்தாள். "மாஷா அல்லாஹ். எண்பது டச் வந்துட்டீங்க. எனக்கு ரொம்ப சந்தோஷமுங்க."

"என்ன பேச்சு பேசுன?"

"பேச்சு பேச்சுதாங்க. ஆஸ்பத்திரிங்கற வார்த்தை இனி என் வாயில வராது."

ஷஃபியுல்லாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பக்ரீத்துக்கு நல்ல புடவையாக ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப கெளம்புங்க" என்றாள் தஸ்னீம்.

"எங்க?"

"டச் கடைக்கு."

"எந்த டச் கடைக்கு?"

"வித்தவன் மெஷினும் செல்லாது, வாங்குனவன் கண்ணும் செல்லாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. இது உங்க மெஷினு. என் கண்ணுக்கு நீங்க போன மாசம் இருந்த மாதிரியேதான் இருக்கறீங்க. வழக்கு வந்துருச்சே. பொது டச் கடையில பாத்துருவோம்."

ஷஃபியுல்லா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "உடம்புக்கு ஏதுடி டச் கடை?"

"அஞ்சு ரோட்டுக்கு அந்தாண்ட ஒண்ணு இருக்குது. கையிலயும் புடிச்சு, கால்லயும் நின்னு பாக்கற பெரிய மெஷினாம்."

"அது ஆஸ்பத்திரி."

"நான் அந்த வார்த்தையச் சொல்லலைங்க. நீங்கதான் சொன்னீங்க."

ஷஃபியுல்லா உட்கார்ந்துவிட்டார். வரமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து சொன்ன சொல் என்ன ஆவது? மோகனூர்க்காரர் மாதிரி எத்தனையோ பேரை அந்தச் சொல்லால்தானே வாயடைத்தார். நான் என்ன ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்றா என்று கேட்டதும் அவர்தான். அவர் தராசில் அவரையே தஸ்னீம் ஏற்றிவிட்டாள் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது.

"கடை நியாயந்தானுங்களே" என்றாள் தஸ்னீம், சாக்ஸை எடுத்து நீட்டியபடி.

அந்த ஆஸ்பத்திரியில் மோனிஷா என்றொரு நர்ஸ் இருந்தாள். சிரித்த முகம். அவரைச் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் ஒரு பலகையை இறக்கினாள். "அஞ்சடி அஞ்சு" என்றாள்.

தஸ்னீம் கையில் ஷஃபியுல்லாவின் செல்போன் இருந்தது. "இதுல ஆறடின்னு இருக்குதே, சிஸ்டர்."

நர்ஸ் போனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "சுவத்துல தப்பில்லையேக்கா."

"அப்ப இவரு வழியில சுருங்கியிருப்பாரு. பேண்டு மாதிரி" என்றாள் தஸ்னீம்.

ஷஃபியுல்லா சுவரில் ஒட்டியிருந்த பழங்களின் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸைக் கழற்றியபோது கால் காய்ந்த கருவாடாக இருந்தது. பெரிய மெஷினில் ஏற்றினார்கள். முப்பத்தைந்து. அறுபத்தைந்து டச்.

"டாக்டரம்மா காத்துட்டிருக்காங்க, உள்ள போங்க" என்றாள் நர்ஸ். "நீங்க இன்னிக்கு வருவீங்கன்னு அக்கா போன மாசமே போன் போட்டு சொல்லி வெச்சுட்டாங்களே."

"போன மாசமேவா?"

"ஆமாங்க. முகாம் நடந்துச்சே, அந்த வெள்ளிக்கெழமை மத்தியானம்."

அதாவது அவர் மேசையைத் தட்டிய தட்டின் சத்தம் அடங்குவதற்குள். ரசம் ஆறுவதற்குள். ஷஃபியுல்லா திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சாக்ஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கமலவேணி நிதானமாகப் பேசுகிறவர். "படியேறுனா மூச்சு வாங்குதா? நெஞ்சுல ஏதாவது?"

கேஸ் என்ற வார்த்தை ஷஃபியுல்லாவின் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. தஸ்னீம் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். ஆறு வாரமாக ஒவ்வொரு பேச்சுக்கும் பதில் வைத்திருந்தவள், இப்போது புர்கா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.  இத்தனை நாளும் ஜெயிப்பதற்காக அவள் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பாதிப் படியில நிக்க வேண்டியிருக்குதுங்கம்மா" என்றார். "நெஞ்சு இறுக்குது. நோன்புக்கு முன்னாலயிருந்தே. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான்... எனக்குப் பயமா இருக்குதுங்கம்மா, அதான் வரலை."

சொன்ன பிறகு நெஞ்சில் ஏதோ இறங்கியது. ஒருவேளை உண்மையிலேயே கேஸ்தானோ என்று ஒரு கணம் நினைத்தார். அது கேஸ் இல்லை.

ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டிரெட்மில்லில் ஏற்றி நடக்க வைத்தார்கள். வெள்ளை ஷூ முதல் முறையாக நடந்தது. எல்லாம் முடிந்து டாக்டர் கூப்பிட்டபோது மதியத் தொழுகை நேரம் தாண்டிவிட்டது.

"ரத்தக் குழாய்ல அடைப்பு ஆரம்பமாயிருக்கு. இப்போதைக்கு மாத்திரையிலயே கட்டுப்படுத்திரலாம். சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. தினமும் நடங்க. இன்னும் ஒரு வருஷம் தள்ளியிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியல. நல்ல நேரத்துல வந்துட்டீங்க."

வெளியே வந்ததும் தஸ்னீம் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல், ரொம்ப நாள் சேர்த்து வைத்த அழுகை. ஷஃபியுல்லா பக்கத்தில் உட்கார்ந்தார்.  அந்தக் கதவுக்குள் போய்விட்டு நடந்தே வெளியில் வந்திருந்தார். அதுவே அவருக்கு அதிசயமாக இருந்தது.

"என்னை ஏமாத்திட்டே நீ" என்றார்.

"ஆமாங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அல்லா மன்னிச்சுருவான்."

"நானும் மன்னிச்சுட்டேன்."

"உங்களை ஆரு கேட்டா? எந்திரிங்க, மாத்திரை வாங்கணும். அப்பறம் ஸ்கூட்டர் சாவி இனி எங்கிட்ட இருக்கும். நடக்கறதுக்கு ஸ்கூட்டர் வேண்டியதில்ல. அந்தத் தட்டுவடைக் கடைக்காரர்கிட்டயும் உங்க மூஞ்சியச் சொல்லி வெச்சிருக்கறேன்."

"அவரு உனக்கு எப்படித் தெரியும்?"

"பீட்ரூட் சாயத்தோட நடக்கப் போயிட்டு வர்ற மனுசனுக்குப் பொஞ்சாதியா இருந்தா எல்லாரையும் தெரிஞ்சுக்க வேண்டியிருக்குது."

ஆட்டோவில் வீடு திரும்பும்போது ஷஃபியுல்லா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறடி உயரம் போயிற்று. தட்டுவடை போயிற்று. சாவி போயிற்று. சபதம் போட்ட அன்றே தோற்றுப்போயிருக்கிறார். இருந்தாலும் மனசில் ஒரு சின்ன ஆறுதல் மிச்சமிருந்தது. ஈரக்கால் விஷயம் அவளுக்குத் தெரியாது. குடும்பஸ்தனுக்கு வீட்டில் அப்படி ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரியாதை என்ன மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டார். கொழுப்பு எவ்வளவு குறைகிறது என்று வீட்டு மெஷினில் பார்த்து, அடுத்த மாதம் வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்தக் கணக்கு கொஞ்சம் கௌரவமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் காலை பள்ளிவாசலிலிருந்து வந்தார். அடுப்படியில் தஸ்னீம் முதுகைக் காட்டிக்கொண்டு கேழ்வரகு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். ஷஃபியுல்லா குளியலறைக்குள் போய்க் குழாயைச் சன்னமாகத் திறந்து, காலை நனைத்து, வாசல் மிதியடியைத் தாண்டி, பூனை நடையாகக் கூடத்துக்கு வந்தார்.

மெஷின் பக்கத்தில் ஒரு துண்டு நான்காக மடித்து வைத்திருந்தது.

தஸ்னீம் திரும்பிப் பார்க்கவில்லை. "காலைத் தொடச்சுட்டு ஏறுங்க" என்றாள்.